நட நட



கம்பத்திலிருந்து கேரள எல்லை மெட்டுக்கு ஏறும் ஜீப்புகளைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டு விலகுமுன் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி பாதித் தூக்கத்தில் வருவார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பத்துக்கு ஒன்பது இளையராஜாவாக இருக்கும். அவர் பிறந்த பண்ணைப்புரம் இந்த மலையின் காலடி ஊர். அவர் பாட்டு இங்கே நம் வீட்டுப் பாட்டு.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலிருக்கும். அப்படி ஒரு காலையில் நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். ஓட்டியவர் நெடுங்கண்டத்துப் பையன். அன்று அவர் போட்டது வேறொன்று. கிடார் உறுமியது. ட்ரம்ஸ் நெஞ்சில் வந்து விழுந்தது. அதன்மேல் ஒருவன் பாடினான் என்று சொல்ல முடியாது, ஓதினான் என்று சொல்லலாம். ‘நட நட’ என்றான். முன்வரிசையில் இருந்த அக்கா கண்ணைத் திறந்து, “என்ன தம்பி, சாமி வந்த மாதிரி சத்தம் போடுறான்?” என்றார். “அவியல் அக்கா, நம்ம கேரளாப் பாட்டு” என்றார் ஓட்டுநர். அடுத்த நாலு வளைவுக்கு யாரும் பேசவில்லை. சோதனைச்சாவடி கண்ணில் பட்டதும் அதே அக்கா சொன்னார்: “அந்தப் பாட்ட இன்னொருக்கா போடு.”

அந்தக் காலை இப்போது நினைவுக்கு வரக் காரணம், சென்ற மாதம் நம் அலுவலகத்துக்கு வந்த நான்கு பிள்ளைகள். இருவர் வீட்டில் தமிழ், இருவர் வீட்டில் மலையாளம். ஒருவனுடைய அம்மா இன்றைக்கும் காய் எடுக்கப் போகிறவர். நான்கு பேரும் ஒரு பேண்ட் நடத்துகிறார்கள். பூட்டிக் கிடக்கும் பழைய ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் பயிற்சி. காலிச் சாக்குகளைச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கிவிடும் என்று தாங்களே கண்டுபிடித்திருக்கிறார்கள். பாட்டிமார் தோட்டத்தில் முணுமுணுக்கும் பாட்டுகளை எடுத்து, கிடாரின் கரகரப்பில் வைத்து, ஒரு பாட்டை எட்டு நிமிடம் பத்து நிமிடம் வாசிக்கிறார்கள். ஒரு விழாக் குழுவிடம் மேடை கேட்டிருக்கிறார்கள். “சினிமாப் பாட்டு என்றால் தருகிறோம்” என்று பதில் வந்திருக்கிறது. அவர்களில் சின்னவன் என்னிடம் கேட்டான்: “சார், சினிமாப் பாட்டு பாடாம இங்க ஒரு பேண்ட் இருக்க முடியுமா?”

அன்று தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இந்தப் பக்கத்தில்தான் பதில் சொல்ல முயல்கிறேன். அவர்களுக்கும், உங்களுக்கும்.

அவியலிலிருந்தே தொடங்குகிறேன். 2003-இல் கேரளத்தில் உருவான குழு அது. அதற்கு முன்பும் அங்கே ராக் இசை இருந்தது, நன்றாகவே இருந்தது. 1970களின் பிற்பகுதியிலேயே கொச்சியில் ‘13ஏடி’ என்ற குழு ஓட்டல் மேடையில் வாசித்துப் பெயர் எடுத்தது. 1996-இல் தொடங்கிய ‘மதர்ஜேன்’ குழுவின் கிடாரிஸ்ட் பைஜு தர்மஜன், கர்நாடக இசையின் கமகத்தை மின்கிடாரில் இழைத்துக் காட்டினார். அதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் இவர்கள் பாடியது ஆங்கிலத்தில். இந்தியாவில் ராக் என்றால் ஆங்கிலம் என்று கல்லூரி விழாக்கள் முதல் போட்டி நடுவர்கள் வரை எல்லோரும் நம்பிய காலம் அது. தாய்மொழியில் பாட வேண்டுமென்றால் சினிமாவுக்குப் போ, அல்லது பக்திப் பாட்டுக்குப் போ. நடுவில் இடம் கிடையாது.

அந்த நடுவில்தான் அவியல் போய் உட்கார்ந்தது. டோனி ஜானும் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பாலும் தொடக்ககாலப் பாடகர்கள். கிடாரில் ரெக்ஸ் விஜயன், ட்ரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில், பேஸ் கிடாரில் பின்னி ஐசக். பெயரை யோசித்துப் பாருங்கள். அவியல் என்றால் மலையாளிக்கும் நமக்கும் ஒன்றுதான். கூட்டில் காய் கரைந்துவிடும், அவியலில் கரையாது. முருங்கை முருங்கையாகவே இருக்கும், சேனை சேனையாகவே இருக்கும், தேங்காயும் தயிரும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும். இவர்கள் இசையும் அப்படித்தான். நாட்டுப்பாட்டின் கட்டு கலையாமல் இருக்கிறது, கிடாரும் தன் முரட்டுத்தனத்தை விடுவதில்லை. இசைத்தட்டைக் கையால் சுரண்டி எழுப்பும் ஓசையும் சிந்தசைசரும் நடுவில் வருகின்றன. எதுவும் எதற்கும் பணிந்து போவதில்லை.

‘நட நட’ வெளிவந்து பேர் வாங்கியதும் உடனே பத்துப் பாட்டு போட்டுப் பணம் பார்த்திருக்கலாம். முதல் தொகுப்பு வர 2008 ஆகிவிட்டது. இடையில் ஆனந்த்ராஜ் விலகினார், பாடும் பொறுப்பு டோனியிடம் வந்தது. மும்பையின் ஃபேட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அந்தத் தொகுப்பின் பெயரும் ‘அவியல்’தான். மொத்தம் எட்டுப் பாட்டு. ஒரு பாட்டின் பெயரே ‘எட்டாம் பாட்டு’. ‘நட நட’, ‘ஆடு பாம்பே’, ‘ஞான் ஆரா’ என்ற தலைப்புகளை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நம் மெட்டில் இருக்கும் ஒருவருக்கு இவற்றை மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை. பாம்பை ஆடச் சொல்லி அழைப்பது பாம்பாட்டிச் சித்தரிடம் நாம் கேட்ட குரல். நாராயண குருவும் தம் குண்டலினிப் பாட்டில் பாம்பை அப்படியே அழைத்தார். நூற்றாண்டுகள் தாண்டி, மின்கிடாரோடு, அதே அழைப்பு மறுபடி ஒலிக்கிறது. ஜீப்பில் அந்த அக்காவை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான் என்று நம்புகிறேன். அவருக்கு ராக் தெரியாது. சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி உடம்பில் ஏற்றும் வித்தை தெரியும். கோயில் கொடையில் பார்த்திருக்கிறார், ஒப்பாரியில் செய்திருக்கிறார்.

‘கருகற’ என்ற பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் சொற்கள் நாடகாசிரியர் காவாலம் நாராயணப் பணிக்கருடையவை. மழைமேகத்தைப் பற்றிய நாடோடிச் சாயல் கொண்ட வரிகள். கேரளத்தின் ஒரு தலைமுறை அவற்றை வேறு விதமாகக் கேட்டு வளர்ந்தது. அவியல் அவற்றை எடுத்தபோது பழையதை மெருகேற்றி அலமாரியில் வைக்கவில்லை. இடி இடிக்கும் மேகத்துக்கு இடி மாதிரியே ஓசை கொடுத்தார்கள். சோதனை முயற்சி என்று நான் மதிப்பது இதைத்தான். புரியாமல் செய்வதில் என்ன பெருமை? பாட்டின் சொல் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுக்க, அதுவரை யாரும் தொடாத கருவியையும் தொடத் துணிய வேண்டும்.

பிறகு நடந்ததும் பலருக்குத் தெரியும். 2011-இல் ஆஷிக் அபுவின் ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தின் முடிவில் அவியலின் ‘ஆனக்கள்ளன்’ வந்தது. படம் முடிந்தும் ஆட்கள் எழுந்து போகாமல் நின்று பார்த்தார்கள். அதே ஆண்டில் ரெக்ஸ் விஜயன் ‘சாப்பா குரிசு’ படத்துக்கு இசையமைத்தார். ‘22 ஃபீமேல் கோட்டயம்’, ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’, ‘மாயாநதி’ என்று அவருடைய பாதை நீண்டது. சினிமாவுக்கு வெளியே நின்று கற்ற ஓசையை அவர் சினிமாவுக்குள் கொண்டுபோனார். இன்று மலையாளப் படங்களில் நாம் கேட்டு வியக்கும் அந்தத் தனி ஓசைக்கு அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். இருந்தும் அவியல் என்றால் இன்றும் எல்லோரும் கையில் எடுப்பது அந்த 2008 தொகுப்பைத்தான். எட்டுப் பாட்டு. அவ்வளவு போதுமா என்று கேட்பவர்களிடம், போதும் என்று தயங்காமல் சொல்வேன். அதற்குப் பிறகு மலையாளத்தில் ராக் பாட யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்தப் பாதையில் திருச்சூர்ப் பக்கத்து ‘ஊராளி’ தெருவிலும் மேடையிலும் பாடிக்கொண்டு வந்தது. ‘தைக்குடம் பிரிட்ஜ்’ பெருங்கூட்டத்தைச் சேர்த்தது.

இத்தகைய குழுக்களை ‘நிலத்தடிக் குழுக்கள்’ என்று இசை எழுத்தாளர்கள் சொல்வதுண்டு. அந்தச் சொல்லை நேர்ப்பொருளிலேயே வாழ்ந்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவின் ‘பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் த யுனிவர்ஸ்’ குழுவினர். 1968-இல் சோவியத் டாங்கிகள் பிராகா நகருக்குள் நுழைந்த சில வாரங்களில் உருவான குழு. அரசு உரிமத்தைப் பறித்தது. கல்யாண வீடுகளிலும் பண்ணைக் கொட்டகைகளிலும் ரகசியமாக வாசித்தார்கள். 1976-இல் பிடித்து வழக்குப் போட்டார்கள். பாட்டுப் பாடியதற்கா சிறை என்று கொதித்தவர்களில் நாடகாசிரியர் வாக்லவ் ஹாவெலும் ஒருவர். அந்தக் கொதிப்பிலிருந்துதான் 1977 சனவரியில் ‘சாசனம் 77’ என்ற உரிமை அறிக்கை பிறந்தது. ஹாவெல் பின்னாளில் அந்த நாட்டின் குடியரசுத் தலைவரானார். கூந்தல் வளர்த்த சில இளைஞர்கள் புரியாத பாட்டு பாடுகிறார்கள் என்று ஒதுக்கியவர்களுக்கு, அந்தப் பாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்று அன்று தெரியவில்லை.

நமக்கு அப்படிப் போலீஸ் வரவில்லை. நம் ஊரில் ஒரு பாட்டு வெளிச்சத்துக்கு வராமல் போக சினிமாவின் நிழலே போதும். அந்த நிழலில் தொலைந்த ஒரு பெருங்கதை இந்த மலைக்கே சொந்தமானது. அதைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க எனக்கு மனம் வராது.

‘பாவலர் பிரதர்ஸ்’. இன்று இளையராஜாவின் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்ட பெயர். இளையராஜாவின் அண்ணன், பண்ணைப்புரத்து பாவலர் வரதராசன் ஒரு தனி மனித இயக்கம். ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். சனங்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுகளை எடுத்து, அன்றைய கூலிப் பிரச்சினையை, அன்றைய அரசியலைச் சொல்லாக்கி அதில் ஏற்றுவார். 1957-இல் கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு வந்தது. பெரும்பான்மை மெல்லியது. தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் வென்றது செல்லாது என்று தீர்ப்பு வர, 1958-இல் அங்கே இடைத்தேர்தல். வாக்காளர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத் தமிழர்கள். மலையாளத்தில் பேசி வாக்குக் கேட்டால் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் போகாது. அங்கே போனது பாவலரின் தமிழ்ப் பாட்டு. ரோசம்மா மறுபடி வென்றார். அந்தப் பாட்டுப் பயணங்களில்தான் அண்ணனோடு சேர்ந்து பாட மேடை ஏறினான் ராசையா என்ற சிறுவன், பின்னாளின் இளையராஜா. வயது பதினான்கு, பதினைந்து இருக்கும். பிறகு சகோதரர்கள் பாஸ்கரும் அமரும் சேர்ந்தார்கள். ஆர்மோனியம், தபேலா, பாங்கோ, பிற்பாடு கிடார் என்று ஊர் ஊராக, தோட்டம் தோட்டமாகப் பல ஆண்டுகள் சுற்றினார்கள்.

இதை ராக் பேண்ட் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் நாலைந்து இளைஞர்கள், கையில் கிடைத்த கருவிகள், சொந்த மொழி, சினிமாக் கம்பெனி வாசலுக்குப் போகாத பாட்டு, ஓர் எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்கு இரவுப் பயணம் என்று பார்த்தால், ஒரு பேண்டின் வாழ்க்கை என்று உலகம் எதைச் சொல்கிறதோ அதை இந்த மலை 1958-லேயே பார்த்துவிட்டது. பாவலர் 1973-இல் மறைந்தார். தம்பிகள் அதற்கு முன்பே சென்னை போயிருந்தார்கள். 1976-இல் ‘அன்னக்கிளி’. மற்றது வரலாறு. சினிமாவின் உச்சியில் இருந்தபோதும் இளையராஜா 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். தியாகராசரையும் பாக்கையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசவிட்ட இசை அது, பாட்டே இல்லாதது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று தலைப்பிலேயே கேட்கிறார். சினிமாவுக்கு வெளியே நின்று பழகிய மேடைக் காலம் அவருக்குள் தீரவில்லை என்றே அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

தமிழில் அந்த வெளிமேடை மறுபடி பெரிதாகத் திறந்தது 2018 சனவரி 6-ஆம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘த கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அன்று முதன்முறையாக மேடை ஏறியது. அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு. 19 பேர். ஒரு பக்கம் பறை, சட்டி, கட்டமோளம். இன்னொரு பக்கம் மின்கிடார், பேஸ், ட்ரம்ஸ். நடுவில் கானாவும் ராப்பும். சாவு வீட்டோடு நிறுத்தி வைக்கப்பட்ட கருவிகள் மேடையின் முன்வரிசைக்கு வந்தன. கானா பாடிய இசைவாணியை 2020-இல் பிபிசி தன் நூறு பெண்களின் பட்டியலில் சேர்த்தது. அதே குழுவின் ராப் பாடகர் அறிவு 2021-இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’யில் தன் பாட்டி வள்ளியம்மாவின் கதையைப் பாட்டாக்கினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்தின் பாட்டி அவர். அந்தப் பாட்டு வந்த வாரம் நம் லயங்களில் அது ஒலிக்காத வீடு இருந்திருக்காது. தோட்டத்துப் பாட்டியின் வாயிலிருந்த கதை உலகத்தின் காதுக்குப் போனது அந்த ஒரு தரம்தான் என்று இருந்துவிடக் கூடாது.

சின்னவனே, உன் கேள்விக்கு வருகிறேன். சினிமாப் பாட்டு பாடாமல் ஒரு பேண்ட் இங்கே இருக்க முடியுமா? வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கேட்டால், கஷ்டம்தான். அவியலிலேயே பாடகர் விலகியதும், கிடாரிஸ்ட் சினிமாவுக்குப் போனதும் நடந்தது. பண்ணைப்புரத்துத் தம்பிகளும் சென்னைக்கு ரயில் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. வேலையை விடாதே, படிப்பை விடாதே என்றுதான் உன் அம்மா சொல்வார், நானும் அதையே சொல்வேன். ஆனால் பாட்டு இருக்குமா என்று கேட்டால், இருக்கும். கேட்பவர் இருந்தால் இருக்கும். அவியலின் எட்டுப் பாட்டைக் காப்பாற்றியவர்கள் கல்லூரி விடுதிகளில் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்ட பிள்ளைகளும், ஜீப்பில் “இன்னொருக்கா போடு” என்று சொன்ன அக்காவும்தான். பாவலரின் மேடைப் பாட்டுகள் கைபேசி இல்லாத காலத்தில் பாடப்பட்டவை. கேட்டவர் காதுதான் அவற்றுக்கு ஒலிநாடா.

ஆகவே வாசகர்களே, உங்களிடம் இரண்டு கேட்கிறேன். நம் பகுதியில் ஏதாவது ஒரு விழாக் குழுவில், சங்கத்தில், பள்ளி ஆண்டுவிழாவில் உங்களுக்குச் சொல்லும் இடம் இருந்தால், இந்தப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் வாங்கிக் கொடுங்கள். சினிமாப் பாட்டு பாடச் சொல்லாதீர்கள். முதல் பாட்டு பிடிக்கவில்லை என்றாலும் எழுந்து போகாமல் இருங்கள்.

அடுத்தது அவசரம். 1958-இல் பத்து வயதுச் சிறுவனாகத் தேவிகுளத்திலோ மூணாறிலோ உடும்பன்சோலையிலோ பாவலரின் பாட்டைக் கேட்டவர் இன்று எண்பதை நெருங்குகிறார். அப்படி ஒரு தாத்தாவோ அப்பத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மேடை எங்கே போட்டார்கள், யார் ஆர்மோனியம் வாசித்தது, எந்த வரிக்குச் சனம் கைதட்டியது என்று கேளுங்கள். பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். காய் எடுக்கும்போது பாடிய பாட்டு, குழந்தையைத் தூங்கவைத்த பாட்டு எதுவானாலும் சரி. மெட்டு மறந்து சொல் மட்டும் மிஞ்சியிருந்தாலும், சொல் மறந்து மெட்டு மட்டும் இருந்தாலும் எங்களுக்கு அனுப்புங்கள். எழுத்தில் வருவதை இதழில் அச்சிடுகிறோம். குரலில் வருவதை ஏலக்காய் ஸ்டோரில் காத்திருக்கும் அந்த நால்வரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்